வாசகர் கேள்வி – பதில்: வறண்ட மலையிடுக்குகளில் இறங்கப் பழகுதல்

பாலைநிலங்களில் உள்ள மலையிடுக்குகளுக்குள் கயிறு கட்டி இறங்கிச் செல்லும் கேன்யனியரிங் பற்றி உவர்மலை வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்குச் சென்ற இதழில் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. நம்மவர் பலரின் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் தொழில் புரிகிறார்கள். சிலர் மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்கிறார்கள். ஆகவே இக்கேள்விகளில் ஆர்வத்தோடு அக்கறையும் கலந்திருக்கிறது. இம்மாதப் பக்கங்களை முழுவதும் இந்த விடயத்துக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: மேற்படிப்புக்காக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குச் செல்லவிருக்கிறேன். அங்குள்ள மாணவர்கள் விடுமுறை நாட்களில் மலையிடுக்குகளில் இறங்கிச் செல்வார்களாம். சிறு வயது முதல் கடலில் நீந்திப் பழகியவன் நான், உடற்பலமும் உண்டு. இதைக் கற்றுக்கொள்ள இவை போதுமா?
— வாசகர், நிலாவெளி

பதில்: தம்பி, நீச்சலும் உடற்பலமும் நல்ல துணைகள்தாம். ஆனால் நீங்கள் போகப்போகும் இடத்தின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். யூட்டாவின் தென்பகுதியிலும் அரிசோனாவின் வடபகுதியிலும் பரந்து கிடக்கும் கொலராடோ மேட்டுநிலத்தில் மணற்கல் நிறைந்திருக்கிறது. அதிலே புகழ்பெற்ற நவஹோ மணற்கல், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் காற்றுக் குவித்த மணற்குன்றுகள் இறுகி உருவானது. மழைவெள்ளம் மணலையும் பரலையும் அள்ளிக்கொண்டு பாயும்போது, அந்தப் பாறையின் வெடிப்புகளை அரம் கொண்டு அராவுவதுபோல் அராவி, அகலம் மிகக் குறைந்த, ஆழம் மிகக் கூடிய இடுக்குகளை உண்டாக்கிவிடுகிறது. சில இடங்களில் இரு கைகளையும் விரித்தால் இரு சுவர்களையும் தொடலாம். வேறு சில இடங்களில் முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தால்தான் உடல் நுழையும்.

மலையேறுபவர் கீழிருந்து மேலே போகிறார். களைத்துவிட்டாலோ வானம் இருண்டாலோ வந்த வழியே இறங்கிவிடலாம். கேன்யனியரிங்கில் மேல்வாயிலால் புகுந்து கீழ்வாயிலால் வெளியேற வேண்டும். ஒரு செங்குத்தைக் கயிற்றில் இறங்கி முடித்த பின்னர், அடுத்த இறக்கத்துக்கும் அதே கயிறு தேவைப்படுவதால், அதைக் கீழிருந்து இழுத்து எடுத்துக்கொள்கிறார்கள். கயிறு மேலிருந்து நழுவிக் கையில் விழுந்த அந்தக் கணத்திலிருந்து திரும்பிப் போகும் வழி அடைபட்டுவிடுகிறது. முன்னால் குளிர்ந்த நீர்க்குழி இருந்தாலும், கயிற்றைக் கட்டியிருந்த மரம் வெள்ளத்தோடு போயிருந்தாலும், அதைக் கடந்தே ஆகவேண்டும். ஆகவே இந்தக் கலையில் முதலில் பழகவேண்டியது, எந்த நாளில் எந்த இடுக்கினுள் புகாமல் விடுவது என்று தீர்மானிப்பதேயாகும். கயிற்று வேலையை ஓரளவு திறமையுள்ளவர் சில வார இறுதிகளில் கற்றுவிடுவார். அந்தத் தீர்மானம் கைவர ஆண்டுகள் எடுக்கும். அதனாற்றான் அனுபவமுள்ளவர்களோடு சேர்ந்து போகும்படி வற்புறுத்துகிறேன்.

கயிறு தேவைப்படாத இடுக்குகளில் நடந்து தொடங்குங்கள். சயன் தேசியப் பூங்காவில் வேர்ஜின் ஆற்றினூடே மேல்நோக்கி நடக்கும் நரோஸ் என்னும் பாதை அதற்கு ஏற்றது. கீழிருந்து நடந்து போய்த் திரும்புவதற்கு அனுமதிச்சீட்டும் தேவையில்லை. ஆற்றின் ஓட்டம் வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்கா நிர்வாகம் அப்பாதையை மூடிவிடும். நீருக்கடியில் கிடக்கும் உருளைக்கற்கள் மீது சமநிலை தவறாமல் நடப்பது எப்படி, முழங்கால் ஆழ நீரோட்டம் உடலை எவ்வளவு தள்ளும் என்பவற்றை அங்கே கால்களே உங்களுக்குக் கற்பித்துவிடும். அதன் பின்னர், முதுகை ஒரு சுவரிலும் பாதங்களை மறு சுவரிலும் ஊன்றி இறங்குவதையும், கைப்பிடி பார்த்துச் சிறு பாறைப்படிகளில் இறங்குவதையும் பழகுங்கள். குதிப்பதைத் தவிருங்கள். இவ்வகைப் பயணங்களில் கணுக்கால் முறிவது பெரும்பாலும் சின்னஞ்சிறு குதிப்புகளில்தான். போன மாதம் தலையளவு ஆழமாயிருந்த நீர்க்குழியை இடையில் வந்த ஒரு வெள்ளம் மணலால் நிரப்பிவிட்டிருக்கலாம். கயிற்றைத் தொடுவது இவற்றுக்குப் பிறகு, முறையான பயிற்றுநரிடம். இறங்குவதோடு நின்றுவிடாமல், மெல்லிய கயிற்று வளையங்களால், பாரம் ஏறியதும் கயிற்றை இறுகப் பற்றும் புருசிக் முடிச்சுப் போட்டுக் கயிற்றில் மேலேறவும் கற்றுக்கொள்ளும் வரை உங்களைத் தேர்ந்தவராக எண்ணாதீர்கள்.

கேள்வி: என் மகன் மஸ்கட்டில் தொழில் புரிகிறார். வெள்ளிக்கிழமைகளில் நண்பர்களோடு, வாதி எனப்படும் மலையோடைகளுக்குப் போய் நீராடிப் படங்கள் அனுப்புகிறார். மழையே பெய்யாத நாட்டில் வெள்ளத்துக்கு ஏன் பயப்படுகிறீர்கள் என்று என்னைக் கேட்கிறார். என் பயம் வீணானதா?
— ஒரு தாய், மூதூர்

பதில்: அம்மா, உங்கள் பயம் வீணானதன்று. மூதூரிலும் வெருகலிலும் வாழ்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மலைநாட்டில் கொட்டிய மழை மாவலி கங்கை வழியே இறங்கிவந்து, உங்கள் ஊரில் வெயில் எறிக்கும் நாளிலும் வயல்களை மூடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வாதியில் நடப்பதும் அதுவேதான், வேகம்தான் வேறு. மாவலி வெள்ளம் நீண்ட தூரம் ஓடி வருவதால், கால்நடைகளை மேட்டுக்குக் கொண்டுபோகவாவது அவகாசம் கிடைக்கிறது. ஓமானின் ஹஜர் மலைத்தொடரிலோ மண்ணும் மரமும் அருகிய வெறும்பாறையில் விழும் மழையை உறிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. பல சதுர கிலோமீற்றர் பரப்பில் விழுந்த நீர் முழுவதும் சில மீற்றர் அகலமுள்ள ஓர் இடுக்கினுள் ஒன்றுகூடி, நிமிடக் கணக்கில் ஆளுயரத்தைத் தாண்டிவிடும். அதனுடன் கற்களும் மரக்கட்டைகளும் சேர்ந்து வருவதால் எப்படிப்பட்ட நீச்சல்காரரும் அதிலே நீந்த முடியாது.

இவ்வாறு நேர்ந்த பேரிழப்புகள் சிலவற்றை உங்கள் மகனுக்கு எழுதி அனுப்புங்கள். 1997 ஆகஸ்ட் 12 ஆம் திகதி அரிசோனாவின் அன்ரலோப் இடுக்கில் சுற்றுலாப் பயணிகள் 11 பேர் வெள்ளத்தில் மடிந்தார்கள். அந்த வெள்ளத்தை உண்டாக்கிய பெருமழை பெய்தது அவர்கள் நின்ற இடத்திலன்று, பல கிலோமீற்றர் அப்பால். 1999 ஜூலை 27 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் சக்செற்றன் ஓடையில் 21 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் வழிகாட்டிகளும் அடங்குவர். 2015 செப்ரெம்பர் 14 ஆம் திகதி சயன் பூங்காவின் கீஹோல் இடுக்கில் இறங்கிய எழுவரும் இறந்தார்கள். கீஹோல், சில மணித்தியாலங்களில் கடந்துவிடக்கூடிய குறுகிய இடுக்கு. அன்று வெள்ளம் வரும் வாய்ப்பு உண்டு என்று பூங்கா அறிவித்திருந்தது. போவதா விடுவதா என்ற முடிவு, அங்குள்ள நடைமுறைப்படி, போகிறவர்களின் கையிலேயே இருந்தது. ஓமானிலேயே 2024 ஏப்ரலில் வாதி வெள்ளம் பாடசாலைப் பிள்ளைகளைப் பலிகொண்டது. அவர் அங்கு இருந்தவராயின் அதனை மறந்திருக்கமாட்டார்.

அவரிடம் நீங்கள் கேட்டு வாங்கவேண்டிய உறுதிமொழிகள் சில உள்ளன. வாதிக்குப் புறப்படும் முன்னர், தாம் நீராடும் இடத்தின் வானிலையை மாத்திரமன்றி, அந்த வாதிக்கு நீர் வந்து சேரும் மலைப்பகுதி முழுவதன் வானிலை அறிவிப்பையும் பார்க்க வேண்டும். மலைமுகட்டில் கருமேகம் திரண்டால், தலைக்கு மேலே வானம் நீலமாக இருந்தாலும், நீரைவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். வாகனத்தை ஓடைப்படுகையில் நிறுத்தக்கூடாது. தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்குதல், சுள்ளிகளும் சருகுகளும் மிதந்து வருதல், இடுக்கின் மேற்புறத்திலிருந்து இரைச்சலோ வழமைக்கு மாறான காற்றோ வருதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், பொருட்களை எடுக்க நில்லாமல் உயரமான இடத்துக்கு ஏற வேண்டும். வெளியே ஓடித் தப்பலாம் என்று ஓடைவழியே கீழ்நோக்கி ஓடுவது தவறு; வெள்ளம் மனிதனைவிட வேகமாக வரும். இன்னொன்று: சுவர்களில் தலைக்கு மேலே மரத்துண்டுகள் செருகுண்டு கிடப்பதைக் கண்டால், முன்பு நீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு அதுவே அடையாளம். அத்தகைய இடத்தில் அமர்ந்து சாப்பிடக்கூட வேண்டாம். ஓடும் வாதியை வாகனத்தால் கடப்பது ஓமானில் சட்டப்படி தண்டனைக்குரியது என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பம் மீன்பிடித் தொழில் செய்வது. வீட்டில் தடித்த நைலோன் கயிறும் மிதக்கும் கயிறும் நிறைய உண்டு. தோணியையே கட்டி இழுக்கும் கயிறு ஓர் ஆளைத் தாங்காதா? தனியாகக் கயிறு வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: சகோதரரே, தாங்கும் பலத்தை மட்டும் பார்த்தால் உங்கள் கயிறு ஓர் ஆளைத் தூக்கத்தான் செய்யும். ஆயினும் அதில் ஒருவரை இறக்கக்கூடாது என்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன.

முதலாவது, வெப்பம். கயிற்றில் இறங்கும்போது இடுப்பு வாரில் மாட்டிய உலோக இறக்கியினூடே கயிறு உராய்ந்து செல்கிறது. இறங்குபவரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே அந்த உராய்வுதான். அதனால் உலோகம் சூடேறும். மிதக்கும் கயிறுகளில் பெரும்பாலானவை பொலிபுரோப்பிலீன், பொலிஎதிலீன் வகையைச் சேர்ந்தவை. அவை நைலோனையும் பொலியெஸ்ரரையும்விட மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். இரண்டாவது, கட்டமைப்பு. முறுக்கிய கயிற்றில் பாரம் தொங்கினால் முறுக்கு அவிழ முனைந்து, ஆளையும் சேர்த்துச் சுழற்றும். இடுக்குகளுக்கான கயிற்றில், நீளவாக்கில் ஓடும் இழைகளாலான உள்ளுறுதி ஒன்றும் அதைச் சுற்றி இறுகப் பின்னிய மேலுறை ஒன்றும் இருக்கும். விட்டம் வழமையாக 8 முதல் 9 மில்லிமீற்றர் வரை. மணற்கல் விளிம்பில் தேயும்போது முதலில் மேலுறை பஞ்சாகித் தெரிவதால், எப்போது கைவிடவேண்டும் என்பதைக் கண் காட்டிவிடும். மூன்றாவது, நீட்சி. மீள்தன்மை கூடிய கயிறு, பாரத்தில் ஏறி இறங்கி, பாறை விளிம்பில் வாள்போலத் தேயும். ஆகவே இதற்கென நீட்சி குறைந்த கயிறுகளையே பயன்படுத்துகிறார்கள். இவற்றையெல்லாம்விட, வெயிலிலும் உப்பிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த கயிற்றின் உள்நிலையை வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

நீளத்தையும் சொல்லிவிடுகிறேன். இறங்கிய பின் இழுத்தெடுக்க வேண்டியிருப்பதால், அந்த இடுக்கின் மிக உயர்ந்த செங்குத்து 25 மீற்றர் என்றால் கயிறு குறைந்தது 50 மீற்றர் வேண்டும். இல்லையேல் இறங்கும் கயிற்றோடு, இழுப்பதற்கென மெல்லிய துணைக்கயிறு ஒன்றும் வேண்டும். கட்டும் இடம் எதுவாயினும் கயிற்றை நேரடியாக மரத்தில் சுற்றுவதில்லை. ஏறத்தாழ ஓர் அங்குல அகலமுள்ள உறுதியான நாடாவை மரத்திலோ, சுவர்களுக்கிடையில் இறுகிய பெருங்கல்லிலோ கட்டி, அதில் ஓர் உலோக வளையத்தைக் கோத்து, அதனூடே கயிற்றை விடுகிறார்கள். முன்னர் வந்தவர்கள் விட்டுச்சென்ற நாடா கண்ணில் பட்டால், முழுச் சுற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். பாறைக்குப் பின்புறம் மறைந்திருக்கும் பகுதியில்தான் எலி கடித்திருக்கும், வெயிலில் காய்ந்து மொடமொடத்திருக்கும். ஐயம் தோன்றினால் வெட்டியெடுத்துவிட்டுப் புதியதைக் கட்டுவதே முறை.

விளிம்பில் நின்று இறங்கத் தொடங்கும் அந்த ஒரு நிமிடத்தை மிகுந்த கவனத்துடன் கழிக்க வேண்டும். இடுப்பு வாரின் கொளுக்கிகள், இறக்கியில் கயிறு ஓடும் விதம், கரபீனர் என்னும் உலோகக் கொளுவியின் பூட்டு ஆகிய மூன்றையும் தாமும் தொட்டுப் பார்த்து, அருகில் நிற்பவரும் தொட்டுப் பார்க்க வேண்டும். நீண்ட கூந்தலும் தொங்கும் ஆடையும் இறக்கிக்குள் சிக்கினால் பாதிவழியில் அசைய முடியாமல் தொங்க நேரிடும். ஆகவே கூந்தலை முடிந்து தலைக்கவசத்துக்குள் விட வேண்டும். விளிம்பில் நிற்கும்போது தம்மைப் பிணைத்திருக்கும் பாதுகாப்புப் பட்டியைக் கழற்றுவதற்கு முன்னரே உடற்பாரத்தைக் கயிற்றில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பின்னர் கால்களைத் தோளகலத்தில் ஊன்றிப் பின்புறம் சாய்ந்து, கயிற்றின் கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் கையை எக்காரணம் கொண்டும் விடாமல் இறங்க வேண்டும். முதலில் இறங்கியவர் கீழே நின்று கயிற்றின் அடியைப் பிடித்திருப்பார். மேலே உள்ளவரின் கை நழுவினால் அவர் கயிற்றை இறுக இழுத்தவுடன் இறக்கம் நின்றுவிடும். கடைசி ஆள் மேலே நிற்கும்போதே கீழிருப்பவர்கள் கயிற்றைச் சற்று இழுத்து, அது தடையின்றி ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். எல்லாரும் இறங்கிய பிறகு கயிறு மேலே சிக்கினால் பொழுது சாய்ந்துவிடும்.

கேள்வி: ஓர் இடுக்கைப் பற்றி வாசித்தபோது ‘மூன்று, பி, உரோம எண் மூன்று’ என்று குறிக்கப்பட்டிருந்தது. பொருள் என்ன?
— மாணவி, ஆலங்கேணி

பதில்: அது அமெரிக்காவில் வழங்கும் தரப்படுத்தல். முதலாம் எண் கயிற்றுத் தேவையைக் குறிக்கும்: 1 என்றால் நடை, 2 என்றால் கைகால் ஊன்றி ஏறி இறங்குதல், 3 என்றால் கயிறு கட்டாயம், 4 என்றால் கயிற்று வேலையே கடினமானது. எழுத்து நீரைக் குறிக்கும்: ஏ என்றால் வறண்டது அல்லது மிகச் சிறிதளவு நீருள்ளது, பி என்றால் நீந்த வேண்டிவரும், ஆனால் வலிய ஓட்டமில்லை, சி என்றால் ஓடும் நீர். உரோம எண் எடுக்கும் நேரத்தைக் குறிக்கும். ஒன்று சில மணித்தியாலங்கள், மூன்று பகலின் பெரும்பகுதி, ஐந்தும் ஆறும் ஒரு நாளுக்கு மேல். இத்தரம் நல்ல வானிலையில், நல்ல அனுபவமுள்ள சிறு குழுவை எண்ணி வகுக்கப்பட்டது; புதியவர்கள் உள்ள பெரிய குழு இருமடங்கு நேரம் எடுப்பது வழமை.

கேள்வி: பாலைவனத்துக்குப் போகிறவர்கள் குளிர்நீருக்கான இறப்பர் உடையை ஏன் கொண்டுபோகிறார்கள்? வெப்பந்தானே அங்குப் பிரச்சினை?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: இரண்டும் பிரச்சினைதான், ஒரே நாளில் இரண்டும் வரும். இடுக்கின் அடியில் கிடக்கும் நீர்க்குழிகளை ஆண்டு முழுவதும் வெயில் தொடாத இடங்கள் உண்டு. கன்னியா வெந்நீரூற்றிலும் நம் கடலிலும் குளித்துப் பழகிய உடலுக்கு அந்தக் குளிர் முன்பின் அறியாதது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். அடுத்தடுத்துப் பல குழிகளை நீந்திக் கடந்தவருக்கு முதலில் விரல்கள் விறைத்து முடிச்சுப் போட முடியாமற் போகும். பின்னர் பேச்சுக் குளறும், தீர்மானம் தடுமாறும். விரல்கள் இயங்காதவர் கயிற்றில் இறங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இடுக்கை விட்டு வெளியே வந்து வாகனத்தை நோக்கி மேடேறும்போது கடும் வெயில் காத்திருக்கும். ஆகவே ஒரு நாளுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 4 லீற்றர் குடிநீர் கணக்கிடுகிறார்கள். வெறும் நீரையே அளவுக்கு மிஞ்சிக் குடித்து உப்பை இழப்பதும் தீங்கானது. உப்புள்ள உணவோ ஜீவனி போன்ற கரைசலோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டு இருக்கையில் கயிற்றிறக்கம் பழகுவதற்கு நாங்கள் வேறெங்கும் போகவேண்டுமா? இளைஞர்கள் சிலர் சேர்ந்து தொடங்க விரும்புகிறோம்.
— வாசகர், சாம்பல்தீவு

பதில்: தயவுசெய்து அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலை வழிபாட்டுக்குரிய இடம். மக்கள் நேர்ந்துகொண்டு வந்து நிற்கும் பாறையில் கயிறு கட்டித் தொங்குவது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும். அத்துடன் அது பிரட்றிக் கோட்டையின் எல்லைக்குள் உள்ளது. கீழே ஆழ்கடலும் அலையும். அங்கே இறங்கியவருக்கு நின்று மூச்சுவிடத் தரையில்லை, மீட்பதற்கு வழியில்லை.

நீங்கள் தொடங்குவதற்கு உயரமே தேவையில்லை. வீட்டு முற்றத்து வேம்பில் நாடாவைக் கட்டி, எட்டு முடிச்சையும் நாடாவுக்குரிய நீர் முடிச்சையும் கண்ணை மூடிக்கொண்டும், கையை நனைத்துக்கொண்டும் போடக்கூடிய வரை பழகுங்கள். கால் தரையில் ஊன்றியிருக்கும்போதே இறக்கியில் கயிற்றைக் கோத்து, பாரம் ஏற்றி, பிடித்து நிறுத்திப் பழகலாம். அடுத்த படிக்கு, கித்துல்கலப் பகுதியில் களனி கங்கையின் கிளையோடைகளில் வழிகாட்டிகளுடன் நடத்தப்படும் நீரோடை இறக்கங்களுக்குக் குழுவாகப் போய்வரலாம். அங்கு நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். பாலைநில இடுக்கின் கயிற்று நுணுக்கங்கள் அனைத்தையும் அங்குக் கற்க முடியாது. ஆயினும் வழுக்குப்பாறையில் கால் வைப்பதையும் குழுவாக நகர்வதையும் கற்கலாம். பணம் கட்டும் முன்னர் சிலவற்றைத் தயங்காமல் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், மேலே மலையில் மழை பெய்தால் அதை எப்படி அறிவீர்கள், பாதிவழியில் வெளியேறும் பாதை எங்கே உள்ளது, பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் இறங்காதீர்கள். பிற்பகல் இடிமழை பெய்யும் பங்குனி, சித்திரை, ஐப்பசி மாதங்களில் காலையிலேயே இறங்கி நண்பகலுக்குள் கரையேறிவிட வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அப்பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, முழங்கால் வலி உண்டு. கயிறும் நீச்சலும் எனக்கு ஆகாது. இத்தகைய இடுக்கொன்றைக் கண்ணால் காணும் வழி உண்டா?
— வாசகி, திருகோணமலை நகர்

பதில்: நிச்சயமாக உண்டு. யோர்தானின் பெட்ரா நகருக்குள் புகும் வாயிலே, ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் சீக் என்னும் மலையிடுக்குத்தான். தரை சீரானது, மெதுவாக நடக்கலாம். ஆசிரியையாகிய உங்களுக்கு அங்கே காண இன்னொன்றும் உண்டு. அந்நகரை அமைத்த நபத்தேயர்கள் சீக்கின் வாயிலில் அணை கட்டி, பாறையைக் குடைந்த சுரங்கம் வழியே வெள்ளத்தைத் திசைதிருப்பியிருந்தார்கள். பிற்காலத்தில் அவ்வமைப்புப் பழுதடைந்திருந்த நிலையில், 1963 இல் திடீர் வெள்ளம் சீக்கினுள் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்ட பயணிகளைக் கொன்றது. அதன் பின்னரே அணை மீளக் கட்டப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நீரை நன்கு அறிந்து வேலை செய்தவர்களின் கைத்திறனை அந்தச் சுவர்களின் நீர்க்கால்களில் இன்றும் காணலாம். அரிசோனாவில் நான் முன்னர் கூறிய அன்ரலோப் இடுக்கின் மேற்பகுதியும் தட்டையான தரையுடையது. அது நவஹோ என்னும் பழங்குடி மக்களின் நிலமாதலால் அவர்களின் வழிகாட்டி இல்லாமல் எவரும் உட்செல்ல முடியாது. கீழ்ப்பகுதியில் ஏணிப்படிகள் உள்ளதால் முழங்கால் வலியுள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: உள்ளே ஒருவர் சிக்கிக்கொண்டால் வெளியுலகத்துக்கு எப்படித் தெரியவரும்? கைத்தொலைபேசி வேலை செய்யுமா?
— வாசகர், உப்புவெளி

பதில்: பெரும்பாலான இடுக்குகளில் வேலை செய்யாது, உயர்ந்த சுவர்களுக்கிடையில் செய்மதிக் கருவிகளே தடுமாறும். 2003 ஏப்ரலில் யூட்டாவின் புளூஜோன் இடுக்கில் தனியாகச் சென்ற ஆரன் ரால்ஸ்ரன் என்பவரின் வலக்கை, சரிந்த பாறைக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கிச் சிக்கியது. தாம் போகும் இடத்தை அவர் எவரிடமும் கூறியிருக்கவில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் அங்கேயே நின்று, கடைசியில் தமது கையைத் தாமே வெட்டிக்கொண்டு வெளியேறினார். அவர் தேர்ந்த மலையேறி. திறமைக் குறைவு அங்கே காரணமன்று.

ஆகவே புறப்படும் முன்னர் ஒரு தாளில் எழுதி, வீட்டிலோ விடுதியிலோ நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள். இடுக்கின் பெயர், புகும் இடம், வெளியேறும் இடம், வாகனத்தின் இலக்கமும் அது நிற்கும் இடமும், கூடச் செல்பவர்களின் பெயர்கள், வெளியே வந்து பேசுவதாகச் சொன்ன நேரம், அந்நேரம் தாண்டினால் எவ்வளவு பொறுத்திருப்பது, பிறகு எந்த இலக்கத்தை அழைப்பது என்பவை அதில் இருக்க வேண்டும். அமெரிக்காவிலும் யோர்தானிலும் 911, ஓமானில் 9999, இலங்கையில் பொலிஸ் 119, இடர் முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. குறித்த நேரத்தை இறுக்கமாகப் போடாமல், தாமதத்துக்கு இடம் விட்டே குறியுங்கள். அவசரத்தில் முடிச்சுப் போடுவது நன்றன்று. உள்ளே ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் ஊதல் இருக்கட்டும். நீரிரைச்சலில் குரல் எடுபடாது; எத்தனை முறை ஊதினால் நில், எத்தனை முறை ஊதினால் அடுத்தவர் இறங்கலாம் என்பதை இடுக்கின் வாயிலில் நின்று எல்லாரும் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்துகொண்ட பிறகே முதல் ஆள் கயிற்றைத் தொட வேண்டும்.